இரும்புச் சக்கரம் திரும்பி வந்த கதை

பனியில் டயர் வழுக்கினா சங்கிலி மாட்டுவாங்க. அமெரிக்காவில் ஹாரி வீட் 1904-லேயே அதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். மதுரையில் பனி ஏது? சேறு உண்டு. 1895-ல் முல்லைப் பெரியாறு தண்ணீர் வந்தபின் மேலூர் பக்கம் நெல் வயல் பெருகியது. தொழி உழும்போது டயர் பட்டைகளில் சேறு அப்பி, சக்கரம் வெறுமனே சுத்தும். அதுக்குத்தான் கேஜ் வீல்.

வேடிக்கை என்னன்னா, ஆரம்பகால டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரம்தான். அதன் பற்கள் ரோட்டைக் கிழித்தன. 1932-ல் அல்லிஸ்-சால்மர்ஸ் காற்றடைத்த டயரோடு டிராக்டர் விற்றது. சேறு மறுபடி இரும்பைக் கேட்டது, பழைய வம்பும் கூடவே வந்தது. கால்வாயில் தண்ணி திறந்தா எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உழவு. வண்டிக்கோ மணிக்கணக்கில் வாடகை. கழற்றி மாட்ட யாருக்குப் பொறுமை? கேஜ் வீலோடயே தார் ரோட்டில் ஏறிடுறாங்க. அபராதத்தைவிட, வயலோரம் மண்பாதை விடுவதே மேல் என்பது என் கட்சி.