இங்கிலாந்தில் சிறுபண்ணைக் கொட்டகைகளும் திட்ட அனுமதியும்

இங்கிலாந்தில் சில ஏக்கர் நிலம் வைத்திருக்கும் சிறுபண்ணையாளர் ஒருவர், ஆடுகளுக்கு ஒரு தொழுவமோ வைக்கோல் நனையாமல் இருக்க ஒரு கொட்டகையோ கட்ட விரும்பினால், பெரும்பாலும் முதலில் உள்ளாட்சி மன்றத்திடம் திட்ட அனுமதி பெற வேண்டும். அடுத்த நிலத்தில் உள்ள பெரிய பண்ணையோ, அதைவிடப் பல மடங்கு பெரிய கொட்டகையை முன்னறிவிப்பு மட்டும் கொடுத்துக் கட்டிவிடலாம். வேளாண்மைக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று கருதிய ஒரு சட்டத்தின் கீழ் இந்த வேறுபாடு எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

சிறுபண்ணைகளின் தோற்றம்

1870களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் வந்து குவிந்ததால் இங்கிலாந்தின் வேளாண்மை நலிந்தது. கூலி உழவர்கள் ஊரைவிட்டு நகரங்களுக்குச் சென்றனர். அவர்களை நிலத்தோடு இருத்த வேண்டும் என்ற கோரிக்கை அரசியலில் எழுந்தது. 1885ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெஸ்ஸி காலிங்ஸ் போன்றோர் ‘மூன்று ஏக்கரும் ஒரு பசுவும்’ என்ற முழக்கத்தைப் பரப்பினர். 1892இல் முதல் சிறுபண்ணைச் சட்டமும் 1908இல் சிறுபண்ணைகள் மற்றும் குத்தகைத் தோட்டங்கள் சட்டமும் வந்தன. மாவட்ட மன்றங்கள் நிலம் வாங்கிச் சிறு உழவர்களுக்குக் குத்தகைக்கு விட 1908ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஓர் ஏக்கருக்கு மேற்பட்டு, பொதுவாக 50 ஏக்கர் வரையுள்ள நிலம் அச்சட்டத்தில் சிறுபண்ணை எனப்பட்டது.

முதல் உலகப் போருக்குப் பின், 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே போர்வீரர்களுக்கு இத்தகைய பண்ணைகள் அளிக்கப்பட்டன. 1934இல் தொடங்கப்பட்ட நிலக் குடியேற்றச் சங்கம், வேலையிழந்த தொழிலாளர்களை ஏறத்தாழ 5 ஏக்கர் அளவுள்ள பண்ணைகளில் குடியமர்த்தியது. வீடு, பன்றித் தொழுவம், கோழிக் கொட்டகை, கண்ணாடிக்கூடம் ஆகியவை அப்பண்ணைகளில் இடம்பெற்றன. கொட்டகைகள் இல்லாமல் இவ்வளவு சிறிய நிலத்தில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பதை இத்திட்டத்தை வகுத்தவர்கள் அறிந்திருந்தனர்.

மனைக்காடுகள் ஏற்படுத்திய அச்சம்

அதே வேளாண் நலிவு வேறொரு விளைவையும் ஏற்படுத்தியது. விலை போகாத வயல்கள் சிறு மனைகளாகப் பிரித்து விற்கப்பட்டன. எசெக்ஸ் மாவட்டத்தின் லெயின்டன், டன்டன் பகுதிகளிலும் சசெக்ஸ் கடற்கரையில் பீஸ்ஹேவனிலும் லண்டன் மக்கள் மனை வாங்கினர். வார இறுதியைக் கழிக்கத் தாங்களே குடில்கள் கட்டினர். பழைய ரயில் பெட்டிகளும் வீடுகளாயின. சாலை வசதியோ கழிவுநீர் வசதியோ பல இடங்களில் இல்லை.

இதைக் கண்ட நடுத்தர வர்க்கத்தினரும் கட்டடக் கலைஞர்களும் நாட்டுப்புறம் பாழாகிறது என்று குரல் எழுப்பினர். பேட்ரிக் ஆபர்குரோம்பியின் முயற்சியால் 1926இல் ஊரக இங்கிலாந்தைப் பாதுகாக்கும் மன்றம் தோன்றியது. 1932ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம் முதன்முறையாக ஊர்ப்புற நிலங்களையும் திட்டமிடலுக்குள் கொண்டுவந்தது. ஆனால் திட்டம் வகுப்பது மன்றங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டதால் அச்சட்டம் பெரிதாகப் பலனளிக்கவில்லை.

1947ஆம் ஆண்டுச் சட்டம்

இரண்டாம் உலகப் போரின்போது அமைக்கப்பட்ட ஸ்காட் குழு 1942இல் தன் அறிக்கையை அளித்தது. நாட்டுப்புறத்தின் அழகைக் காப்பது வேளாண்மையே, ஆகவே உழவர்கள் செழித்தால் நிலமும் அழகாக இருக்கும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. குழுவில் இருந்த பொருளியலாளர் டென்னிசன் மட்டும் இதை ஏற்காமல் தனி அறிக்கை எழுதினார்.

ஸ்காட் குழுவின் பார்வை 1947ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டத்தில் இடம்பெற்றது. 1948 ஜூலை 1 முதல், நிலத்தில் எந்த ‘மேம்பாடு’ செய்யவும் அனுமதி தேவை என்றாயிற்று. ஆனால் நிலத்தை வேளாண்மைக்குப் பயன்படுத்துவது மேம்பாடு ஆகாது என்று சட்டம் விலக்கு அளித்தது. கட்டடம் எழுப்புவது மேம்பாடுதான் என்றாலும், வேளாண் கட்டடங்களுக்கு அரசாணை மூலம் பொது அனுமதி தரப்பட்டது. 1950ஆம் ஆண்டின் பொது மேம்பாட்டு ஆணைப்படி, ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட வேளாண் நிலம் இருந்தால் போதும். உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்த அக்காலத்தில், விளைச்சலுக்குத் தடை ஏற்படுத்த எவரும் விரும்பவில்லை.

விதிவிலக்கும் உண்டு. ஏரி மாவட்டம், பீக் மாவட்டம், ஸ்னோடோனியா ஆகியவற்றின் சில பகுதிகளில், பண்ணைக் கட்டடங்களின் தோற்றத்தை மன்றங்கள் கட்டுப்படுத்த 1950இல் தனி ஆணை பிறப்பிக்கப்பட்டது.

ஓர் ஏக்கரிலிருந்து ஐந்து ஹெக்டேருக்கு

அடுத்த நாற்பது ஆண்டுகளில் பண்ணைகள் இயந்திரமயமாயின. கல்லும் ஓடும் கொண்ட பழைய களஞ்சியங்களின் இடத்தில் எஃகுச் சட்டமும் தகடும் கொண்ட பெருங்கொட்டகைகள் எழுந்தன. வேளாண்மையே நாட்டுப்புறத்தின் காவலன் என்ற நம்பிக்கை தளர்ந்தது. நகரத்தார் சிலர் சிறு வயல்களை வாங்கி, வேளாண்மையின் பெயரால் கட்டடம் கட்டிப் பின்னர் அதை வீடாக மாற்ற முயல்கின்றனர் என்ற புகாரும் வலுத்தது.

1990களில் வரம்பு உயர்ந்தது. 1995ஆம் ஆண்டு ஆணை பண்ணைகளை இரண்டாகப் பிரித்தது. 5 ஹெக்டேரும் அதற்கு மேலும், அதாவது சுமார் 12.4 ஏக்கர் முதல், உள்ள பண்ணைகள் பொது அனுமதியின் கீழ்ப் புதிய கட்டடம் கட்டலாம். 0.4 ஹெக்டேருக்குக் குறையாமலும் 5 ஹெக்டேருக்குக் கீழும் உள்ளவை, ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தை ஓரளவு விரிவாக்கவோ மாற்றவோ மட்டுமே முடியும். புதிய கொட்டகைக்கு முழுத் திட்ட அனுமதி வேண்டும்.

அரசே வேலையிழந்தோருக்குப் பகிர்ந்தளித்த 5 ஏக்கர் பண்ணை ஏறத்தாழ 2 ஹெக்டேர்தான். ஒரு தலைமுறைக்கு முன் முழுமையான வாழ்வாதாரம் என்று கருதப்பட்ட அளவு, புதிய கோட்டுக்குக் கீழே விழுந்தது. சிறுபண்ணையாளரின் சிக்கல் இதில்தான் இருக்கிறது. புதிதாக வாங்கிய வெறும் வயலில் விரிவாக்குவதற்குப் பழைய கொட்டகையும் இருக்காது. கொட்டகை இல்லாமல் கால்நடை வளர்ப்பது கடினம். கால்நடை இல்லாத நிலையில் கொட்டகை தேவை என்று மன்றத்தை நம்பவைப்பதும் கடினம்.

பெரிய பண்ணைகளுக்கும் நிபந்தனைகள் உண்டு. கட்டடம் வேளாண்மைக்கு நியாயமாகத் தேவைப்பட வேண்டும். முக்கியச் சாலையிலிருந்து 25 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கால்நடைத் தொழுவமாயின், பண்ணை சாராத வீடுகளிலிருந்து 400 மீட்டருக்குள் பொதுவாக அமையக்கூடாது. முன்னறிவிப்புக் கிடைத்த 28 நாட்களுக்குள், அமைவிடத்தையும் தோற்றத்தையும் ஆராய விரும்பினால் மன்றம் அதைத் தெரிவிக்க வேண்டும். எனினும் இவர்களுக்கான பரப்பு வரம்பு தொடர்ந்து உயர்ந்தது: 465 சதுர மீட்டராக இருந்தது 2018இல் 1,000 ஆகவும் 2024இல் 1,500 ஆகவும் ஆனது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

எது வேளாண்மை, எது கட்டடம் என்ற கேள்விகளுக்கு நீதிமன்றங்களே விடை கூற வேண்டியிருந்தது. 1962ஆம் ஆண்டின் பெல்மான்ட் பண்ணை வழக்கில், தாண்டும் போட்டிகளுக்காகக் குதிரைகளை வளர்த்துப் பழக்குவது வேளாண்மை அல்ல என்று தீர்ப்பளிக்கப்பட்டது. உணவு, கம்பளி, தோல் முதலியவற்றுக்காகவோ நிலத்தில் உழைக்கவோ வளர்க்கப்படும் விலங்குகளே சட்டத்தின் கண்ணில் கால்நடைகள். இதனால் குதிரை லாயம் கட்டுவோருக்கு வேளாண் சலுகை கிடைப்பதில்லை.

அனுமதியைத் தவிர்க்கச் சிலர் சக்கரத்திலோ சறுக்குக் கட்டையிலோ நிற்கும் கொட்டகைகளை வைத்தனர். பாத் நகருக்கு அருகே வூலி பள்ளத்தாக்கில் வைக்கப்பட்ட பறவை வளர்ப்புக் கொட்டகைகள் பற்றிய வழக்கில், 2012இல் உயர் நீதிமன்றம் மன்றத்தின் முடிவை ரத்து செய்தது. நகர்த்த முடியும் என்பதாலேயே அவை மேம்பாடு ஆகாது என்று கொள்வது மிகக் குறுகிய பார்வை என்று அது கருதியது. கட்டமைப்பின் அளவு, நிலைத்த தன்மை, நிலத்தோடு உள்ள பிணைப்பு ஆகியவை சேர்த்துப் பார்க்கப்படுகின்றன.

ஹெர்ட்ஃபோர்டுஷயரில் நடந்த இன்னொரு வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. ஒருவர் 2001இல் வைக்கோல் களஞ்சியத்துக்கு அனுமதி பெற்றார். வெளியே களஞ்சியம் போலவும் உள்ளே முழு வீடாகவும் கட்டி நான்கு ஆண்டுகள் குடியிருந்தார். நான்கு ஆண்டுகள் கடந்தால் நடவடிக்கை எடுக்க முடியாது என்ற விதியைக் காட்டிச் சான்றிதழ் கோரினார். ஏமாற்றியவர் அதன் பலனைப் பெற முடியாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு வந்த உள்ளாட்சிச் சட்டம், மறைத்துக் கட்டியவற்றின் மீது காலம் கடந்தும் நடவடிக்கை எடுக்க வழி செய்தது. 2024 ஏப்ரலில் நான்கு ஆண்டு வரம்பே இங்கிலாந்தில் பத்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.

மாற்று முயற்சிகள்

சிறு நிலத்தில் வாழ்ந்து உழைப்போருக்குத் தனி வழி வேண்டும் என்ற கோரிக்கையும் வளர்ந்தது. சோமர்செட்டில் 1994இல் தொடங்கிய டிங்கர்ஸ் பபிள் குடியிருப்பும், சைமன் ஃபேர்லி 1996இல் வெளியிட்ட நூலும் குறைந்த தாக்கமுள்ள மேம்பாடு என்ற கருத்தை முன்வைத்தன. வேல்ஸ் அரசு 2010இல் ‘ஒரே புவி மேம்பாடு’ என்ற கொள்கையை ஏற்றது. தம் தேவைகளில் பெரும்பகுதியை நிலத்திலிருந்தே பெறுவோம் என்று மெய்ப்பிப்பவர்கள் அங்கே ஊர்ப்புறத்தில் வீடும் கொட்டகையும் கட்ட அனுமதி பெறலாம். அக்கொள்கை கேட்பது நிலத்தின் அளவை அன்று, அதில் நடக்கும் உழைப்பை. இங்கிலாந்தில் இதற்கு இணையான தேசியக் கொள்கை இல்லை. அங்கு 5 ஹெக்டேர் வரம்பே இன்றும் தொடர்கிறது.