அரசும் மக்களும்: தெற்குத் திருவிதாங்கூர்ப் போராட்டத்தை எழுதும் முறை

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலக் காவல்துறை தமிழர்மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்நாளை விடுதலை நாளாகக் கடைப்பிடிக்குமாறு, தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அழைப்பு விடுத்திருந்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் பட்டம் தாணுப்பிள்ளை. குமரி மாவட்ட மேடைகளில் இந்நிகழ்வு பெரும்பாலும் 'மலையாளிகளின் அடக்குமுறை' என்றே பேசப்படுகிறது. இந்தப் பேச்சுவழக்கு வரலாற்றுக்குப் பொருந்தாதது. குற்றம் புரிந்தவரைத் தப்பவிடுவதும் அதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

அவ்வாண்டுத் தேர்தலை முதலில் பார்ப்போம். 117 இடங்களில் பட்டத்தின் பிரஜா சோசலிஸ்ட் கட்சி பெற்றவை 19 மட்டுமே. 45 இடங்கள் பெற்ற காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கியதால்தான் அவர் ஆட்சியில் அமர்ந்தார். மலையாள வாக்காளரில் பெரும்பாலோர் அவர் கட்சிக்கு வாக்களிக்கவே இல்லை. அப்படியிருக்க அந்தத் துப்பாக்கிக் குண்டுகளை ஒரு மொழியினர் முழுவதன் கணக்கில் எழுதுவது எப்படி?

துப்பாக்கிச் சூட்டை மிகக் கடுமையாகக் கண்டித்த குரலொன்று ஆளுங்கட்சிக்குள்ளிருந்தே எழுந்தது. அக்கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசச் சிறையில் இருந்தார். சோசலிஸ்ட் அரசு மக்களைச் சுடலாகாது, பட்டம் பதவி விலக வேண்டும் என்று சிறையிலிருந்தபடியே வற்புறுத்தினார். கட்சித் தலைமை உடன்படவில்லை. பிளவு முற்றி, 1955 இறுதியில் அவர் தனியே சோசலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். லோகியா தமிழரும் அல்லர், மலையாளியும் அல்லர். அவர் கேட்டது அரசின் செயலுக்கான பொறுப்பை மட்டுமே.

அரசின் குற்றத்தை ஒரு மொழியினர்மீது ஏற்றும் இதே பிழை எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1936 முதல் 1947 வரை திருவிதாங்கூர் திவானாக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர் தமிழ்ப் பிராமணர். 1946 அக்டோபரில் புன்னப்புரா-வயலாரில் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டது அவர் ஆட்சியில்தான். அரசுப் பணிகளில் வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணரின் ஆதிக்கத்தை எதிர்த்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மலையாளி மெமோரியல் 1891-இலேயே மன்னரிடம் அளிக்கப்பட்டிருந்தது. நியாயமான அக்குறை, சி.பி. காலத்தில் 'பரதேசி'மீதான வெறுப்பாகத் திரிவது எளிதாயிற்று. ஆனால் சி.பி.யின் அதிகாரம் மன்னராட்சி தந்தது. நாஞ்சில் நாட்டு வயலில் நாற்று நட்டவருக்கும் தேவிகுளத்தில் கொழுந்து கிள்ளியவருக்கும் அதில் என்ன பங்கு? சி.பி. ஆட்சியில் 1938-இல் சிறைக்குச் சென்றவர்களுள் ஒருவர், திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸின் முதல் தலைவரான இதே பட்டம் தாணுப்பிள்ளை. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1954-இல், அன்று சிறைப்பட்டவரே ஆட்சியாளராக இருந்தார். ஆள்பவரின் தாய்மொழி மாறியது. தடையுத்தரவும் துப்பாக்கியும் மாறவில்லை.

பள்ளியிலும் வேலைவாய்ப்பிலும் அரசே மொழி பார்த்துத் தமிழரை ஒதுக்கியபோது, அதை இரு மக்களின் மோதல் என்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். கேள்வி வலுவானது. ஒதுக்கப்பட்டதும் உண்மை. ஆனால் ஒவ்வோர் ஒதுக்கலுக்கும் ஓர் ஆணை உண்டு, ஒரு துறை உண்டு, கையொப்பமிட்ட அதிகாரி உண்டு. அவற்றைப் பெயர் சுட்டி எழுதினால் குற்றச்சாட்டு கனக்கும். 'அவர்கள் அப்படித்தான்' என்று எழுதினால் ஒருவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மேலாடை உரிமைக்காக எழுந்த தோள்சீலைக் கலகத்தையும் இவ்வாறே மொழிப் பகையாக விளக்க முடியாது. சாணார் பெண்களுக்கு அவ்வுரிமையை மறுத்த சாதி அடுக்கின் மேற்படிகளில் தமிழ் பேசிய வேளாளரும் இருந்தனர்.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்கான வைக்கம் போராட்டத்தை நினைவுகூர்வது இங்கே பொருந்தும். 1924-இல் மலையாளத் தலைவர்கள் அழைக்க, பெரியார் சென்று திருவிதாங்கூர் அரசின் சிறையில் கிடந்தார். அவ்வாண்டு நவம்பரில் மன்னத்து பத்மநாபன் வைக்கத்திலிருந்தும், டாக்டர் எம்பெருமாள் நாயுடு நம் கோட்டாற்றிலிருந்தும் நடைப்பயணம் புறப்பட்டுத் திருவனந்தபுரம் சேர்ந்தனர். இருவரும் கோரிக்கை வைத்தது ஒரே அரசிடம்.

விளவங்கோட்டு வீடுகளில் இன்றும் குடிக்கும் தண்ணீரை மலையாளத்தில் போல 'வெள்ளம்' என்றே கேட்பார்கள். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால் பெண் கொடுத்தவரும் எடுத்தவரும் அங்கே ஏராளம். மலையாளி என்ற சொல்லை வசையாக்கினால் அது முதலில் அந்த வீடுகளுக்குள்தான் போய் விழும்.

தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்தோடு சேர்க்குமாறு 1955-இல் பரிந்துரைத்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் மூன்று உறுப்பினருள் ஒருவர் கே.எம். பணிக்கர். குட்டநாட்டுக் காவாலத்தில் பிறந்த மலையாளி. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் நேசமணி தலைமையில் நம் முன்னோர் போராடிக் கேட்டவற்றுள் இவற்றுக்கான பரிந்துரையில் அவர் கையொப்பமும் இருக்கிறது. இணைப்பு நாளான நவம்பர் 1 விழா மலர்களுக்கு எழுதும் ஆய்வாளர்கள் இதையும் எழுத வேண்டும். மார்த்தாண்டத்தைப் பற்றி எழுதும்போது முதலமைச்சர் பெயரையும், காவல்துறையையும், தாங்கிநின்ற கட்சியையும் தயங்காமல் எழுதுங்கள். 'மலையாளிகள்' என்ற எழுவாயை அந்த வாக்கியத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.