கொலம்பியாவில் ஒப்பிலக்கியக் கல்வி

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியத்துக்கெனத் தனித்துறை 1899-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைவரான ஜார்ஜ் எட்வர்ட் வுட்பெரி, பல பிணக்குகளுக்குப் பின் 1904-இல் பதவி விலகினார். 1910-இல் அது ஆங்கிலத் துறையுடன் இணைக்கப்பட்டு, ‘ஆங்கிலம் மற்றும் ஒப்பிலக்கியத் துறை’ ஆனது.

வுட்பெரியின் மாணவர் ஜான் எர்ஸ்கின், 1920-இல் இளங்கலையில் தேர்ந்த மாணவர்களுக்காக ஒரு பாடத்தைத் தொடங்கினார். வாரம் ஒரு பெருநூலை மொழிபெயர்ப்பில் வாசித்துக் கூடி விவாதிப்பது அதன் முறை. மூலமொழி அறியாத வாசிப்பு மேலோட்டமானது எனப் பேராசிரியர் சிலர் எதிர்த்தனர். அந்நூல்கள் முதலில் பொதுவாசகருக்காகவே எழுதப்பட்டவை என்பது எர்ஸ்கினின் வாதம்.

1937-இல், ஹோமரில் தொடங்கும் இலக்கியப் பாடம் கொலம்பியா கல்லூரியின் முதலாண்டு மாணவர் அனைவருக்கும் கட்டாயமானது. தனித்துறையாக நீடிக்காத, மொழி எல்லை கடந்த வாசிப்பு, பொதுப்பாடமாக நிலைபெற்றது.