குகை ஓவியமும் மனித உழைப்பும்

மனிதகுல வரலாற்றைக் கூறும் பாடநூல்கள் பலவும் மன்னரோடும் மதில்களோடுமே விரிவுபெறத் தொடங்குகின்றன. அதற்கு முந்திய நெடுங்காலம் 'கற்காலம்' என்ற தலைப்பின் கீழ் இரண்டொரு பக்கங்களுள் அடங்கிவிடுகிறது. அப்பக்கங்களுள் ஒடுக்கப்பட்ட காலத்தின் நீளத்தைக் கண்முன் நிறுத்துவது, ஜேர்மானிய நெறியாளர் வேர்ணர் ஹேர்சொக் 2010இல் வெளியிட்ட 'மறக்கப்பட்ட கனவுகளின் குகை' என்னும் விவரணப் படம். படம் வரவேற்கத்தக்கது. ஆயின், அது தரும் விளக்கம் அப்படியே ஏற்கத்தக்கதன்று.

படத்தின் களம் தென் பிரான்சில் ஆர்தேஷ் ஆற்றை அண்டியுள்ள ஷோவே குகை. 1994 டிசெம்பர் 18ஆம் நாள், ஷோவே என்பவரும் அவருடைய தோழர் இருவரும் பாறையிடுக்கினூடே வந்த மெல்லிய காற்றைத் தடமாகக் கொண்டு அதனுள் இறங்கினர். ஏறத்தாழ 21,500 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பாறைச் சரிவு வாயிலை அடைத்துவிட்டமையால், அதற்குப் பின் மனிதர் எவரும் உட்புகவில்லை. தரையிலே கரடிகளின் எலும்புகள். சுவர்களிலே நானூற்றுக்கும் மேற்பட்ட விலங்குருவங்கள். இவற்றுள் மிகப் பழையவை ஏறக்குறைய 36,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இக்காலக் கணிப்பைச் சில அறிஞர் ஐயுற்றனர். 2016இல் வெளியான விரிவான கரிம ஆய்வு அதனை மேலும் வலியுறுத்தியது.

இக்குகை பொதுமக்களுக்கு என்றுமே திறக்கப்படவில்லை. அதற்குக் காரணம் லாஸ்கோ குகைக்கு நேர்ந்த கதி. 1940இல் கண்டறியப்பட்ட அக்குகை 1948இல் திறக்கப்பட்டது. நாள்தோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதனுட் சென்றனர். அவர்களது மூச்சுக் காற்றும் ஈரமும் சுவரிலே பாசியைப் படரவிட்டன. 1963இல் பிரெஞ்சு அரசு குகையை மூட நேர்ந்தது. பதினேழாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற ஓவியம் பதினைந்து ஆண்டுப் பார்வையைத் தாங்கவில்லை! எனவேதான் ஹேர்சொக்கும் உதவியாளர் மூவரும் இரண்டடி அகலமான இரும்புப் பாதையை விட்டுக் கால் எடுத்து வைக்காமல், வெப்பம் தராத விளக்குகளுடன், நாளொன்றுக்குச் சில மணி நேரமே படம்பிடிக்க அனுமதிக்கப்பட்டனர். 2015இல் குகையின் மாதிரியொன்று அருகே அமைக்கப்பட்டது உண்மையே. எனினும் பிரான்சுக்குச் செல்ல வழியற்ற கோடிக்கணக்கான மக்களுக்கு ஷோவே என்பது இத்திரைப்படமேயாகும்.

முப்பரிமாண முறையை ஹேர்சொக் கையாண்டது வெறும் வித்தையன்று. சுவரின் புடைப்பும் குழிவும் இன்றி அவ்வோவியங்கள் இல்லை. பாறையின் புடைப்பு விலங்கின் தோளாகிறது; அதன் மடிப்பு முதுகுக் கோடாகிறது. குதிரைகள் வரையப்பட்ட சுவரில், முதலில் மேற்பரப்பைச் சுரண்டி வெண்மையாக்கி, அதன் பின்னரே கரிக்கோடு இழுத்திருக்கின்றனர். காட்டெருமையொன்றுக்கு எட்டுக் கால்கள். ஓட்டத்தைக் காட்டுவதற்கு ஓவியர் கண்ட வழி அது. சினிமாவின் மூதாதை என்று ஹேர்சொக் அதைக் குறிப்பிடுவது நல்ல கூற்று.

என்னை மிகவும் நிறுத்திவைத்தது வேறொரு காட்சி. குகையின் முற்பகுதியில், உள்ளங்கையைச் செம்மண் நிறத்தில் தோய்த்து ஒரு சுவர் முழுவதும் பதித்திருக்கிறார் ஒருவர். அவருடைய சுண்டுவிரல் சற்றே கோணலானது. அதே கோணல் விரலை ஆய்வாளர் குகையின் உட்பகுதியிலும் அடையாளம் காண்கின்றனர். முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து, பெயரற்ற மனிதத்திரளிலிருந்து, ஒரு தனி மனிதர் இவ்வாறு பிரிந்து தெரிகிறார். மன்னர் எவருக்கும் இத்தனை பழைய கையொப்பம் கிடையாது.

இத்தகைய சான்றுகளை வைத்துக்கொண்டு ஹேர்சொக் எழுப்பும் வினா, 'மனித ஆன்மா விழித்த இடம் இதுதானோ' என்பது. பின்னணியிலே கூட்டிசை ஒலிக்கிறது. கமரா மௌனமாக நகர்கிறது. பார்வையாளர் தேவாலயத்துள் நிற்பது போன்ற உணர்வைப் பெறுகிறார். ஆனால் ஆன்மா தானாக விழித்துக்கொள்வதில்லை. கரி வேண்டுமாயின் பைன் மரத்தை வெட்டி எரிக்க வேண்டும். இருளிலே வரைவதற்குத் தீவட்டி எரிந்துகொண்டேயிருக்க வேண்டும். ஒருவர் சுவரருகே நிற்கும் பொழுதில் அவருக்குரிய உணவை வேறொருவர் தேடியிருக்க வேண்டும். திருத்தமின்றி ஒரே இழுப்பில் அமைந்த சிங்கத்தின் முதுகுக்கோடு பல காலம் பயின்ற கையினது. பயிற்றிய கையும் ஒன்று இருந்திருக்கும். இக்கேள்விகளின் வாயில்வரை ஹேர்சொக் வருகிறார். பின்னர் கனவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்.

முற்போக்காளரிடமும் ஒரு பழைய விளக்கம் வழங்கிவருகிறது. வேட்டை கைகூட வேண்டி ஆதி மனிதன் விலங்கை வரைந்து மந்திரம் செய்தான் என்பது அது. பிரெஞ்சுப் பாதிரியார் ப்ரேய் பரப்பிய இக்கருத்து, கலையின் தோற்றத்தை உழைப்போடு இணைப்பதற்கு வாய்ப்பாயிருந்தமையால் இடதுசாரிகள் பலரும் அதனை விரும்பினர். சான்றுகளோ ஒத்துழைக்க மறுக்கின்றன. லாஸ்கோவில் கிடைத்த உணவெலும்புகளில் மிகப்பெரும்பாலானவை பனிமானுடையவை. சுவரிலோ பனிமான் அரிதினும் அரிது. ஷோவேயில் மிகுந்து காணப்படுவன சிங்கமும் மாமதமும் காண்டாமிருகமும். வயிற்றுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தொடர்பு நேர்கோடாக இல்லை. பொருளியல் அடித்தளம் என்பதை இவ்வளவு எளிதாக்கிக்கொள்வது பொருள்முதல்வாதத்துக்குச் செய்யும் உதவியாகாது. கலை கரடுமுரடில் தொடங்கிப் படிப்படியாகச் செம்மையுற்றது என்ற எண்ணத்தையும் ஷோவே தகர்த்துவிட்டது. லாஸ்கோவுக்குப் பதினையாயிரம் ஆண்டளவு முந்திய கோடுகள் அதனிலும் தாழ்ந்தவையல்ல.

ஆதி மனிதனின் ஆற்றலை ஐயுறும் மனப்பான்மைக்குப் பழைய வரலாறு உண்டு. ஸ்பெயினிலுள்ள அல்தமீரா குகையை 1868இல் முதலிற் கண்டவர், ஓடு செய்பவரும் வாரக்குடியுமாகிய மொடெஸ்தோ குபீயாஸ். அவருடைய பெயரை அறிந்தோர் சிலரே. நிலவுடைமையாளரான சௌத்துவோலா 1879இல் அங்கே ஆய்ந்துகொண்டிருந்தபோது, எட்டு வயது மகள் மரியா நிமிர்ந்து பார்த்து விதானத்து எருதுகளைக் கண்டாள். அவற்றின் பழைமையை அவர் 1880இல் எடுத்துரைத்தபோது அறிஞருலகம் எள்ளி நகையாடியது. 'காட்டுமிராண்டிகள்' இவ்வாறு வரைய முடியாது என்பதே அவர்களது அடிப்படை வாதம். ஆபிரிக்காவையும் ஆசியாவையும் பங்குபோட்டுக்கொண்டிருந்த ஐரோப்பாவுக்கு அவ்வாதம் இயல்பாகவே வாய்த்தது. சௌத்துவோலா 1888இல் இறந்தார். எதிர்த்தோருள் முதன்மையான கார்த்தையாக் தம் தவற்றை எழுத்தில் ஒப்புக்கொண்டது 1902இல்.

அம்மனப்பான்மையின் மற்றொரு வடிவம், ஐரோப்பாவே கலையின் தொட்டில் என்பது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள கைத்தடம் ஒன்று 39,900 ஆண்டுகளுக்குக் குறையாதது என 2014இல் அறிவிக்கப்பட்டது. 2024இல், அதே தீவின் குகையொன்றில் காட்டுப்பன்றியும் மனித உருவங்களும் சேர்ந்த காட்சி 51,200 ஆண்டுப் பழைமை உடையதென நிறுவப்பட்டது. ஹேர்சொக் படமெடுத்தபோது இவை வெளிவரவில்லை, அவரைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் ஷோவேக்கு வங்கிப் பெட்டகம் போன்ற இரும்புக் கதவும் காவலும் உண்டு. சுலவேசியின் சுண்ணக்கற் குன்றுகளிலோ சீமெந்துக்காகக் கல் அகழப்படுகிறது.

இறுதியாக ஒன்று. ஓவியரைப் பற்றிப் பேசும்போது நூல்களும் படங்களும் பெரும்பாலும் ஆண்மகனையே கற்பனை செய்கின்றன. நமது மொழியில் 'அவர்' என்று கூறித் தப்பிவிடலாம். 'ஆதி மனிதன்' என்றதும் அகப்பட்டுக்கொள்கிறோம். இலங்கை வேடரைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில், பாறைக் குகைகளிற் காணப்பட்ட உருவங்களை யார் வரைந்தனர் என்ற செய்தி பதிவாகியுள்ளது. வேட்டைக்குச் சென்ற ஆடவர் திரும்பும்வரை குகையிற் காத்திருந்த பெண்களே, சாம்பலை எச்சிலிற் குழைத்து அவற்றை வரைந்தனர்.