காவல் சம்மனசு

19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் இருந்தனர். அவர்கள் போற்றிய நம்பிக்கைகளுள் ஒன்று காவல் சம்மனசு. சம்மனசு என்பது தேவதூதரைக் குறிக்கும் பழைய கத்தோலிக்கத் தமிழ்ச் சொல். ஒவ்வொருவருக்கும் துணையாக இறைவன் ஒரு தூதரை நியமித்திருக்கிறார் என்பதே அந்த நம்பிக்கை.

வேதாகமத்தில் தொபியாசு என்னும் இளைஞன், தந்தையின் பணத்தை வாங்கிவரத் தூரதேசம் போகிறான். வழித்துணையாக வந்தவர் இரபேல் என்னும் தூதர் என்பது முடிவில்தான் தெரிகிறது. கப்பலேறி வந்தவர்களுக்கு இக்கதையின் பொருளை விளக்கவா வேண்டும்?

1608இல் பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர் காவல் தூதர் திருநாளுக்கு அனுமதி தந்தார். 1670இல் பத்தாம் கிளமெந்து அதை அக்டோபர் 2ஆம் நாளில் திருச்சபை முழுவதற்கும் உரிய திருநாளாக்கினார்.

அந்நாளில் தாய்மார்கள் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, விடியுமுன் பெரட்டுக்குப் போவார்கள். அத்தகைய தாய்க்கு இந்த நம்பிக்கை ஆறுதல் தரக்கூடியது. ஆனால் சம்மனசு தனித் தெய்வமல்லர், இறைவனின் ஏவலர் என்றே திருச்சபை போதிக்கிறது. தூதர் அருகிலிருப்பதை எண்ணி, எந்த மூலையிலும் தகாதது செய்யாதே என்று 12ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து போதித்தார்.

ஆகவே இது ஆறுதல் மட்டுமன்று, கடமையும்கூட. காவலர் உண்டு என்பதற்காகக் குழந்தையைக் கிணற்றடியில் தனியே விடலாமா? பெற்றோரின் கண்ணும் விழித்திருக்க வேண்டும்.