பெரியார் டைகர் டிரெயில்

கேரளத்தின் தேக்கடியில், பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறையின் மேற்பார்வையில் நடத்தப்படும் பலநாள் காட்டு நடை. ஓர் இரவும் இரண்டு பகலும் கொண்டது ஒன்று, இரண்டு இரவும் மூன்று பகலும் கொண்டது மற்றொன்று என இருவகை உண்டு. வழிகாட்டல், சமையல், கூடாரம், படுக்கைப் பை, அட்டைக் காலுறை, இரவுக் காவல் எல்லாம் கட்டணத்துக்குள் அடங்கும். வழிகாட்டுவதும் சமைப்பதும் காவல் இருப்பதும் ஒரே குழுவினர். இந்த நடையைத் தொடங்கியவர்கள் முன்பு இதே காட்டில் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்து விற்றவர்கள். இந்தியாவின் காட்டுச் சுற்றுலா வரலாற்றில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் காட்டுக்கும் உள்ள உறவு எல்லைக்கோட்டோடு முடிவதில்லை. பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய, 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால் உருவானதுதான் தேக்கடி ஏரி. அதன் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கி, தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களுக்கும் வீடுகளுக்கும் வருகிறது. அன்று மூழ்கிய மரங்களின் பட்டுப்போன முண்டங்கள் இன்றும் ஏரிக்குள் கறுத்து நிற்கின்றன. ஏரியைச் சுற்றியுள்ள காடு 1934இல் நெல்லிக்காம்பட்டி சரணாலயம் ஆனது. 1950இல் பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக விரிந்தது. 1978இல் புலிகள் காப்பகமானது. இப்போதைய பரப்பு 925 சதுர கிலோமீட்டர். சபரிமலைக் கோயிலும் இதற்குள்தான் இருக்கிறது. இந்தக் காட்டைக் காப்பவர் யாராக இருந்தாலும், இந்தத் தண்ணீரில் பாசனம் செய்பவர் அவருக்குக் கடன்பட்டவர்.

பட்டை உரித்தல் என்பது வயணா மரத்தைப் பற்றியது. லவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த இந்தக் காட்டு மரத்தின் பட்டைக்கு மணமும் விலையும் உண்டு. மரத்தைச் சுற்றி முழு வளையமாகப் பட்டையை எடுத்துவிட்டால், இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்க வழியில்லை. மரம் நின்ற இடத்திலேயே காய்ந்துவிடும். உரிப்பவர்கள் கூட்டாகப் போய் நாட்கணக்கில் காட்டுக்குள் தங்குவார்கள். யானை எந்த நேரத்தில் எந்த ஓடைக்கு இறங்கும், காவலர் எந்தப் பக்கம் சுற்றுவார், மழைக்கு எந்தப் பாறை ஒதுங்கத் தோது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். உயிரைப் பணயம் வைத்துத் தலைச்சுமையாக இறக்கிய சரக்கில் பெரும் லாபம் பார்த்தது வாங்கி விற்ற தரகர்கள். உரித்தவர்களுக்குக் கூலியும் வழக்கும் மிஞ்சின.

உலக வங்கியின் உதவியோடு 1996இல் தொடங்கிய இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், நாடு முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு காப்பகங்களுள் பெரியாரும் ஒன்று. காட்டை நம்பி வாழ்பவரை விரட்டாமல், காப்பதிலேயே அவருக்குப் பிழைப்பு வரும்படி செய்வது அதன் அடிப்படை. பட்டைக்காரர்களோடு வனத்துறை பேச்சு நடத்தியது. அவர்கள் மேலிருந்த வழக்குகளைக் கைவிட அரசு முன்வந்தது. பதிலுக்கு அவர்கள் தொழிலை விட்டு, காவலுக்குத் துணை நிற்க ஒப்புக்கொண்டார்கள். 1990களின் பிற்பகுதியில் இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்களைக் கொண்டு முன்னாள் வயணாப் பட்டைக்காரர்களின் சூழல் மேம்பாட்டுக் குழு உருவானது. அவர்கள் நடத்தியதே டைகர் டிரெயில். மற்ற கடத்தல்காரர்களின் வழிகளும் அவர்களுக்குத் தெரிந்திருந்ததால், அவர்கள் தந்த தகவலில் பிடிபட்டவர்கள் பலர். திட்டம் 2004இல் முடிந்த பிறகும் பணி நிற்கவில்லை. மன்னான், பளியர் பழங்குடியினருக்கும் இதுபோன்ற வழிகாட்டிக் குழுக்கள் ஏற்பட்டன. இதே பகுதியின் பெண்கள் 2002 முதல் ‘வசந்த சேனை’ என்ற பெயரில், கூலி வாங்காமல் முறைவைத்துக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். இதைக் கேள்விப்படாத தமிழர்களே அதிகம் என்பது வருத்தம்.

நடைக்குச் சிறு குழுவையே சேர்ப்பார்கள். உடன் ஐந்து வழிகாட்டிகளும், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலரும் வருவார்கள். வரிசையாக, பேச்சில்லாமல் நடக்க வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் உடை ஆகாது. முன்னால் போகிறவர் யானை விட்டையைக் கண்டால் குனிந்து புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். சூடிருந்தால் கூட்டம் பக்கத்தில்தான். ஒரு பிடி மண்ணைத் தூவி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, வாடை யானைக்கு எட்டாத பக்கமாகக் குழுவைத் திருப்புவார். மரத்தில் கரடி கீறிய தழும்பு, செந்நாய் எச்சத்தில் கிடக்கும் மான் மயிர், மிளா திடீரென எழுப்பும் ஒற்றைக் குரல், உச்சிக் கிளையில் கருமந்தி போடும் எச்சரிக்கைக் கூச்சல் எல்லாமே அவருக்குச் செய்தி. பெயரில் புலி இருந்தாலும், வருபவர்களில் பெரும்பாலோர் புலியைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். கால்தடத்தையும் எச்சத்தையும் பார்ப்பதே பெரும்பேறு. யானை, காட்டுமாடு, மலையணில், இருவாச்சி ஆகியவற்றைக் காண வாய்ப்பு அதிகம்.

மழைக்காலத்தில் அட்டைதான் பெரிய தொல்லை. கடிப்பது தெரியாது, இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் விழுந்த பிறகும் காயம் வெகுநேரம் கசியும். முழங்கால் வரை இழுத்துக் கட்டும் நெருக்கமான துணிக் காலுறை அதற்காகத்தான்.

முகாமில் சமையல் சைவம். சோறு, பருப்பு, காய்க்கூட்டு, கட்டஞ்சாயா என்று எளிமையாக இருக்கும். மதுவும் புகையும் கூடாது. இருட்டிய பின் விருந்தினர் கூடாரத்துக்குள் போய்விட, வழிகாட்டிகள் முறைவைத்து விழித்திருப்பார்கள். கட்டணம் அதிகம் என்று குறைசொல்பவர்கள் இந்த இரவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். சோற்றுக்கும் கூடாரத்துக்கும் விலை போட்டுவிடலாம். இருட்டில் கிளை முறிந்த ஓசையைக் கேட்டு, வருவது யானையா மிளாவா என்று சொல்லும் காதுக்கு அப்படி விலை போட முடியாது.

இதுபோல் கூடாரம், சமையல்காரர், வழிகாட்டி என எல்லாவற்றையும் சேர்த்துத் தரும் மலைநடையை நேபாளத்தில் தொழிலாக்கியவர் ஜிம்மி ராபர்ட்ஸ். 1964இல் காட்மாண்டுவில் இதற்கான நிறுவனத்தைத் தொடங்கினார். நியூசிலாந்தின் 53.5 கிலோமீட்டர் மில்ஃபோர்டு தடத்தில் வழிகாட்டியோடு போகும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே உண்டு. வழிகாட்டி இல்லாமல் போகும் உரிமை கேட்டு மலையேறுவோர் 1960களில் போராடிப் பெற்றார்கள். அங்கே யானையும் புலியும் இல்லை. இங்கே அந்த உரிமையைக் கேட்பதற்கு இடமில்லை.

தென்னகத்தில் வழிகாட்டியோடு காட்டில் இரவு தங்கும் நடைக்கு அடுத்த உதாரணம், தமிழர் பொதிகை என்று போற்றும் 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம். கேரள வனத்துறை ஆண்டின் தொடக்க மாதங்களில் போனக்காடு வழியாக மூன்று நாள் பயணம் நடத்துகிறது. இரவுத் தங்கலும் உணவும் அதிருமலை முகாமில். நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2019 முதல் பெண்களும் ஏறுகிறார்கள். தமிழ்நாட்டில் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 வழிகள் உள்ளன. உள்ளூர், பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகள். தீப்பருவத்தில் அவை மூடப்படும். ஆனால் அவை பெரும்பாலும் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கும் நடைகள். தேக்கடி அளவுக்குக் காட்டுக்குள் இரவு தங்கும் நடை தமிழ்நாட்டிலும் வர வேண்டும். அதற்கான ஆட்கள் களக்காட்டிலும் மேகமலையிலும் இருக்கிறார்கள்.

பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு போன்ற புதுச்சேரிக் கடலோர ஊர்களிலிருந்து போகிறவர்கள் விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், தேனி, கம்பம் வழியாகத் தேக்கடியை ஒட்டிய குமுளியை அடையலாம். லோயர் கேம்ப்புக்குப் பிறகு மலைச்சாலை. கடற்கரைச் சமவெளியில் நடந்து பழகிய கால்களுக்கு ஏற்றமும் இறக்கமும் புதிது. சில வாரம் முன்பே படியேறிப் பழகிக்கொள்வது நல்லது. குழு சிறியது என்பதால் தேக்கடியிலுள்ள வனத்துறையின் சூழல் சுற்றுலா மையத்தில் முன்பதிவு செய்த பிறகே கிளம்ப வேண்டும். கடும் மழையிலும் தீ அபாயம் உள்ள நாட்களிலும் நடை நிறுத்தப்படும்.