சுரங்கமும் முதலுதவியும்

நிலக்கரிச் சுரங்கத்திற் காயமுற்றவனை முதலிற் சென்றடைபவன் வைத்தியனல்லன்; உடனுழைக்கும் தொழிலாளியே. இதனாலேயே 1877இல் இங்கிலாந்தில் தோன்றிய சென் ஜோன் அம்புலன்ஸ் சங்கம் சுரங்கத் தொழிலாளருக்கு முதலுதவி பயிற்றியது. அன்று தொண்டாயிருந்தது பின்னர்ச் சட்டக் கடமையாயிற்று. இந்தியாவின் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வேலைநேரம் முழுவதும் எளிதில் எட்டத்தக்க முதலுதவிப் பெட்டிகளையும், ஒவ்வொன்றுக்கும் பயிற்சிபெற்ற பொறுப்பாளரையும் வேண்டியது. 150 பேருக்கு மேற்பட்டோர் உழைக்குமிடத்தில் முதலுதவி அறையையும் கட்டாயமாக்கியது. பெட்டி மட்டும் போதாது, அதனைத் திறக்கும் கை பயின்றிருத்தல் வேண்டும் என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து.

எமது தீவகத்து மண்கும்பானில் நிலக்கரியில்லை, மணலே உண்டு. எனினும் மணற்குழி சரிந்து ஒருவன் புதையுண்டால், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையை அடையப் பண்ணைப் பாலத்தைக் கடத்தல்வேண்டும். அதுவரை அவன் மூச்சைக் காப்பது அயலில் நிற்பவனின் கையே. அக்கையைப் பயிற்றுதல் அறமன்று, உழைப்பவனின் உரிமை.